கயிறு கட்டி இழுக்கும்போது பின்னால் இருப்பவர்தான் டிரைவர்

நெடுஞ்சாலையில் போகும்போது அடிக்கடி கண்ணில் படுவது இது. முன்னால் ஒரு பொலேரோ, பின்னால் பிரேக் டவுன் ஆன ஒரு கார், நடுவில் ஒரு நைலான் கயிறு. பொலேரோவை ஓட்டுபவர் கை தேர்ந்த ஆளாக இருப்பார். பின்னால் காரில் யார் என்று எட்டிப் பார்த்தால், போன மாதம் எல்எல்ஆர் எடுத்த பையனோ, வண்டியே ஓட்டிப் பழகாத உறவினரோ உட்கார்ந்திருப்பார். "சும்மா ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கோ, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி ஏற்றிவிட்டிருப்பார்கள். என்ஜின் ஓடுகிற வண்டியை ஓட்டுவதுதான் வேலை, நின்றுபோன வண்டியில் உட்காருவதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு.

உண்மை நேர் எதிர். முன்னால் போகிறவருக்கு எல்லாமே வழக்கம்போல வேலை செய்கிறது. கொஞ்சம் கூடுதல் பாரம், அவ்வளவுதான். பின்னால் இருப்பவருக்குத்தான் பிரேக் பாதி, ஸ்டியரிங் பாதி, முன்னால் என்ன நடக்கிறது என்ற பார்வையும் பாதி. அந்த நிலையில் அவர்தான் இரண்டு வண்டிகளையும் இடித்துக்கொள்ளாமல் நிறுத்த வேண்டும். என் தாய்மாமா நாமக்கல் பக்கம் லாரி மெக்கானிக். பட்டறைக்கு யாராவது கயிறு கேட்டு வந்தால், கயிறை எடுப்பதற்கு முன்னால் அவர் கேட்கிற ஒரே கேள்வி, "பின்னாடி யார் உக்காரப் போறாங்க?" ஏன் மாமா இதையே கேட்கிறீர்கள் என்று நான் சின்ன வயதில் கேட்டதற்கு அவர் சொன்னது: "இழுக்கறதுக்கு வண்டி போதும் கண்ணு, நிறுத்தறதுக்குத்தான் ஆள் வேணும்."

என்ஜின் நின்றால் பிரேக்குக்கு என்ன ஆகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். நாம் பிரேக் மிதியை லேசாக அழுத்தினாலே கார் நிற்கிறதே, அது முழுக்க நம் கால் பலம் இல்லை. என்ஜின் ஓடும்போது உருவாகும் வெற்றிடத்தை வைத்து, பிரேக் பூஸ்டர் என்ற பெரிய வட்டமான டப்பா நம் அழுத்தத்தைப் பல மடங்காக்கித் தருகிறது. பெட்ரோல் வண்டியில் அந்த வெற்றிடம் பொதுவாக இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது, டீசல் வண்டியில் அதற்கென்று தனி வேக்யூம் பம்ப் இருக்கும். என்ஜின் நின்றதும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அப்புறம் மிதி இறுகிவிடும். பிரேக் போய்விடவில்லை, பிடிக்கத்தான் செய்யும். ஆனால் இருக்கையில் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு முழுக் காலையும் ஊன்றி மிதித்தால்தான் பிடிக்கும். இது தெரியாதவர் வழக்கம்போல மிதித்துவிட்டு, வண்டி நிற்காததைப் பார்த்து, பிரேக் பிடிக்கவில்லை என்று பயந்து காலை எடுத்துவிடுவார். இடிப்பது அங்கேதான்.

இதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜினை அணையுங்கள். பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். முதல் மிதி சாதாரணமாக இறங்கும், இரண்டாவது கொஞ்சம் மேலேயே நிற்கும், நாலாவதில் கால் கட்டைவிரல் வலிக்கிற மாதிரி இறுகிப்போகும். காலை எடுக்காமல் அப்படியே மிதித்தபடி என்ஜினை ஸ்டார்ட் செய்தால், மிதி தானாகக் கொஞ்சம் கீழே இறங்குவது காலுக்குத் தெரியும். அதுதான் பூஸ்டர். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், வீட்டில் அந்தக் காரைத் தொடுகிற ஒவ்வொருவரும், ஒரு தடவையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நடுரோட்டில் முதல் தடவையாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

ஸ்டியரிங்கும் அப்படித்தான். பவர் உதவி இல்லாமல் கனக்கும், மெதுவாகப் போகும்போது இன்னும் கனக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஸ்டியரிங் லாக். சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டக்கென்று பூட்டிக்கொள்ளும். ஆகவே இழுக்கிற நேரம் முழுவதும் சாவி உள்ளேயே, ஆன் நிலையில் இருக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பேட்டரி உயிரோடு இருக்கிறதா, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று வண்டி நகர்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளில் கயிறு கட்டி இழுப்பதற்கென்றே ஒரு விதி இருந்தது. 2017-இல் அந்த விதிகளின் இடத்தில் புதிய ஓட்டுநர் விதிகள் வந்தன. பழைய விதி சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுபவை இவை: இரண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பின்னால் இருக்கும் வண்டியில் அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் முன்சக்கரங்களைக் கிரேன் போன்ற ஒன்று தரையிலிருந்து தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். கயிறு மற்றவர்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பின் வண்டியின் முதுகில் வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதி வைக்க வேண்டும். அதுவும் அருகிலிருக்கும் பட்டறைக்கோ பெட்ரோல் பங்குக்கோ கொண்டுபோகத்தான் அனுமதி.

24 கிலோமீட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும். மணிக்கு 24 கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 6.7 மீட்டர். நடுவில் இருப்பது 5 மீட்டர். முன்வண்டி சட்டென்று நின்றுவிட்டால் பின்வண்டி அதைத் தொட முக்கால் வினாடிகூட ஆகாது. முன்னால் பிரேக் லைட் எரிவதைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் நகர்ந்து மிதியை அழுத்தவே சாதாரணமாக ஒரு வினாடி போய்விடும். அதற்கப்புறம் அந்த இறுகிய பிரேக் வேறு பிடிக்க வேண்டும். 40-இல் போனால் அரை வினாடிகூடக் கிடையாது. 40, 50 என்று இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் இழுக்கும்போது பிரேக் போடும் முறையே வேறு. முன்னால் இருப்பவர் பிரேக் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டு வண்டியிலும் போனை ஸ்பீக்கரில் போட்டு, அழைப்பைத் துண்டிக்காமலே வைத்துக்கொள்ளுங்கள். முன்வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தபடி பேசிக்கொண்டே வரட்டும். "வேகத்தடை வருது", "லெஃப்ட் எடுக்கறோம்", "நிக்கப் போறோம்" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு பின்னால் இருப்பவருடையது. அவர் லேசாகப் பிரேக்கைப் பிடித்து, கயிறு தொய்யாமல் பார்த்துக்கொண்டால், முன்வண்டியும் சேர்ந்து மெதுவாகும். கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் மனதில் ஓட வேண்டிய ஒரே விஷயம். தொய்ந்த கயிறு அடுத்த நொடி சுண்டும், சுண்டினால் அறும் அல்லது கொக்கியைப் பிடுங்கும், தொய்ந்து தரையில் கிடந்தால் முன்சக்கரத்துக்கு அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

கிளம்பும்போதும் இதேதான். முன்வண்டி முதல் கியரில், கிளட்ச்சை மெல்ல விட்டு, கயிறு விறைக்கும் வரை ஊர்ந்து போக வேண்டும். விறைத்ததும் ஒரு நொடி நிதானித்து அப்புறம்தான் ஆக்சிலரேட்டர். பின்வண்டியில் ஹேண்ட் பிரேக் எடுத்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் நகர வேண்டும். திரும்பும்போது வழக்கத்தைவிட அகலமாகத் திரும்புங்கள், ஏனென்றால் பின்வண்டி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பின்வண்டியில் டிரைவரைத் தவிர யாரும் வேண்டாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.

நம் ஊர் சாலையில் இன்னொரு ஆபத்து உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு வண்டிக்கும் நடுவில் உள்ள அந்த 5 மீட்டர் இடைவெளியில் டூவீலர் புகுந்துவிடும். சிக்னலிலோ, மெதுவாகப் போகும்போதோ, ஏதோ இடம் கிடைத்தது என்று வண்டியைத் திருப்பிக் குறுக்கே விடுவார்கள். சாலை நிறத்திலேயே இருக்கும் ஒரு கயிறு அவர்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நடந்து குறுக்கே போகிறவர்களுக்கும் அதே ஆபத்துதான். ஒரு சிவப்புத் துணியோ, பழைய சேலைக் கிழிசலோ, வெள்ளைத் துண்டோ, கயிற்றின் நடுவில் நன்றாகத் தொங்கும்படி கட்டுங்கள். ஒன்று போதாது, இரண்டு மூன்று கட்டுங்கள். ஊருக்குள் என்றால் நிற்கிற இடத்திலெல்லாம் முன்வண்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்ட வேண்டும். பின்வண்டியில் நான்கு இண்டிகேட்டரும் எரியும்போது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது, ஆகவே அங்கேயும் கைதான்.

சரி, கயிறை எங்கே கட்டுவது? பம்பரில் கூடாது. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில், ஸ்டியரிங் ராடில், ஆக்சில் ஷாஃப்டில் எல்லாம் கூடவே கூடாது, ஆனால் பெரும்பாலும் அங்கேதான் கட்டுகிறார்கள், ஏனென்றால் குனிந்து பார்த்தால் கைக்கு எட்டுவது அவைதான். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் டோ ஹூக் தனியாக வரும். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கிற பையிலேயே, தடித்த இரும்பு வளையம் ஒன்று, ஒரு முனையில் மரை வெட்டியபடி இருக்கும். முன்பம்பரில் உள்ளங்கையைவிடச் சின்னதாக ஒரு மூடி தெரியும். ஸ்க்ரூ டிரைவர் முனையில் துணியைச் சுற்றி அதன் ஓரத்தில் நெம்பினால் கழன்று வரும். உள்ளே மரை. கையால் திருகி, இனி போகாது என்கிற வரை விட்டு, பிறகு வளையத்துக்குள் வீல் ஸ்பேனரின் தண்டை நுழைத்து இறுக்க வேண்டும். பாதி மரையில் நிற்கிற கொக்கி இழுக்கும்போது வளையும், பிடுங்கிக்கொண்டும் வரும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் பெரும்பாலும் இடமரை, அதாவது எதிர்ப்பக்கமாகத் திருக வேண்டும். இது தெரியாமல் மல்லுக்கட்டி மரையையே கெடுத்துவிடுவார்கள். அப்புறம், இந்தக் கொக்கி நேராக இழுப்பதற்குத்தான். பள்ளத்தில் இறங்கிய வண்டியைப் பக்கவாட்டில் இழுத்து ஏற்றுவதற்கு இல்லை.

கயிறு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் கிடைக்கும் அகலமான டோயிங் பெல்ட், இரு முனையிலும் கண்ணி தைத்தது, ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவிடுங்கள். அதன் மேல் எத்தனை டன் என்று போட்டிருக்கும், உங்கள் வண்டி எடையைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கட்டும். முடிச்சுப் போட்ட இடத்தில் எந்தக் கயிற்றுக்கும் பலம் வெகுவாகக் குறையும். அறுந்ததை முடிச்சுப் போட்டு மறுபடி இழுப்பது பெரிய தவறு. கொஞ்சம் இழுபடும் நைலான் நல்லதுதான், சுண்டுவதை அது உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் அப்படி இழுபட்ட கயிறு அறுந்தால், முனையில் இரும்புக் கொக்கியும் இருந்துவிட்டால், சவுக்கு மாதிரி திரும்பி வரும். கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போகும் அளவுக்கு அதில் விசை இருக்கும். கயிறு விறைக்கும் நேரத்தில் அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, அதைத் தாண்டக் கூடாது. வேடிக்கை பார்க்க வருபவர்களைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லி விலக்குங்கள். நனைத்த கோணிச் சாக்கு ஒன்றைக் கயிற்றின் நடுவில் சுற்றிக் கட்டினால், அறுந்தாலும் அந்தப் பாரம் கயிறைக் கீழே அமுக்கும்.

இழுக்கிற வண்டி, இழுக்கப்படும் வண்டியைவிட எடை குறைவாக இருக்கக் கூடாது. ஆல்டோ ஏறக்குறைய முக்கால் டன். இன்னோவா கிரிஸ்டா ஒன்றே முக்கால் டன்னுக்கு மேல். ஆல்டோவால் இன்னோவாவைச் சமதளத்தில் நகர்த்திவிட முடியும் என்பது வேறு விஷயம். லேசான இறக்கம் வந்தால் யார் யாரை இழுக்கிறார்கள் என்பது மாறிவிடும்.

இறக்கம் என்றதும் தொப்பூர்தான் நினைவுக்கு வருகிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அந்தக் கணவாய் இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பற்றிப் படிக்காதவர் நம்மில் குறைவு. பாரம் ஏற்றிய லாரிகளே டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறி, பிடிக்காமல் போகிற இடம் அது. அங்கே என்ஜின் இல்லாத, பூஸ்டர் இல்லாத ஒரு வண்டியைக் கயிற்றில் கொண்டுபோவதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. மலைப்பாதை எதுவாக இருந்தாலும், ஏற்காடோ கொல்லிமலையோ வால்பாறையோ, கயிறு கிடையாது. பிரேக்கிலேயே கோளாறு என்றால் சமதளத்திலும் கிடையாது. ஸ்டியரிங் கோளாறு, சக்கரம் ஆடுகிறது, மழை கொட்டுகிறது, இருட்டிவிட்டது, எதிலும் கயிறு கிடையாது.

ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் கயிறு வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுழல விடும் பம்பை என்ஜின்தான் ஓட்டுகிறது. என்ஜின் நின்றபின் சக்கரம் உருண்டால் உள்ளே எண்ணெய் ஓடாமலே பாகங்கள் உராயும். கியருக்குப் பதில் பெல்ட்டில் இயங்கும் சிவிடி வகையும் இதில் சேர்த்தி. கியர்பாக்ஸ் போனால் செலவு லட்சத்தில். மேனுவல் கியர்பாக்ஸில் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டியில் பேட்டரி இறந்துவிட்டால் கியர் மாட்டியது மாட்டியபடியே நின்றுவிடும், நியூட்ரலுக்கே வராது. எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியிலும் பேட்டரி இல்லாமல் பிரேக்கை எடுக்க முடியாது. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளுக்கும், எலெக்ட்ரிக் கார்களுக்கும், வண்டி முழுவதையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் ஒன்றே வழி. எலெக்ட்ரிக் காரில் சக்கரம் உருண்டாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உண்டாக்க ஆரம்பித்துவிடும், அது போய்ச் சேர இடமில்லாமல் உள்ளே இருப்பதைக் கெடுக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வகை ரெக்கவரி வண்டி, முன்சக்கரத்தில் இயங்கும் சாதாரண கார்களுக்குச் சரி. என்ன வண்டி, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதை ரெக்கவரிக்குப் போன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தப்பான வண்டி வந்து நிற்கும்.

கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இறங்கிய மேனுவல் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் செய்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. என்ஜின் பிடித்த அந்த நொடியில் பின்வண்டி முன்னால் பாயும், 5 மீட்டர் தூரத்தில் முன்வண்டியின் முதுகு. நான்கு பேர் இறங்கிக் கையால் தள்ளலாம், ஜம்பர் கேபிள் போடலாம். கயிறு மட்டும் வேண்டாம்.

லாரி, பஸ் எல்லாம் தனிக் கதை. மாமா பட்டறையில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஏர் பிரேக் வண்டியில் டேங்கில் காற்று இறங்கிவிட்டால், பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் பின்சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வண்டி நகரவே நகராது. இழுக்கும் வண்டியிலிருந்து ஹோஸ் போட்டுக் காற்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் சேம்பரின் பின்னால் இருக்கும் போல்டைத் திருகி ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்த நொடியிலிருந்து அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் என்பதே இல்லை. அதனால் போல்டில் கை வைப்பதற்கு முன்னால் கிளீனர் டயருக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டிருக்க வேண்டும், மாமா தானே குனிந்து அந்தக் கட்டையைக் காலால் உதைத்துப் பார்ப்பார். அடுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுவார். என்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் உருண்டால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் மேலே ஏறாது, உள்ளே தீய்ந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகு கயிறு இல்லை, இரும்பு பார்தான். பார் போட்டால் இடைவெளி மாறாது, பின்வண்டி வந்து மோதாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்போது கயிறு எதற்குத்தான் என்று கேட்டால், என் பதில் இதுதான்: ஆபத்தான இடத்திலிருந்து ஆபத்தில்லாத இடத்துக்கு. வளைவிலோ பாலத்திலோ நின்றுபோன வண்டியைச் சர்வீஸ் ரோட்டுக்கோ அடுத்த பெட்ரோல் பங்குக்கோ கொண்டுபோக. உளுந்தூர்பேட்டையில் நின்ற காரைக் கயிறு கட்டிச் சென்னை வரை கொண்டுவர இல்லை.

தேசிய நெடுஞ்சாலையில் என்றால் கயிறை எடுப்பதற்கு முன்பே 1033-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது. சுங்கச்சாவடிகளோடு சேர்ந்த ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன, நாம் கட்டுகிற சுங்கத்தில் அதுவும் அடக்கம். கூப்பிட்டுவிட்டுக் காருக்குள் உட்காராதீர்கள். நின்றுபோன வண்டியைப் பின்னால் வந்து இடிப்பதுதான் நெடுஞ்சாலையில் மிகக் கொடுமையான விபத்து. எல்லோரையும் இடது பக்கமாக இறக்கி, தடுப்புக்கு வெளியே, வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நிற்க வையுங்கள். டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள், வேகமான சாலை என்றால் 100 மீட்டர். முக்கோணம் இல்லையென்றால் நம் லாரிக்காரர்கள் செய்கிற மாதிரி இலையோடு மரக்கிளையை ஒடித்து வையுங்கள், பகலில் அது நன்றாகவே தெரியும். கல் வைப்பதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். வண்டி சரியாகிக் கிளம்பிப் போய்விடுவார்கள், கல் மட்டும் வரிசையாக ரோட்டில் கிடக்கும், ராத்திரி பைக்கில் வருகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. வைத்தே ஆக வேண்டும் என்றால் டயருக்கு அடியில் வையுங்கள், போகும்போது எடுத்து ஓரத்தில் போடுங்கள்.

பைக்கைப் பற்றிக் கொஞ்சம். நின்றுபோன பைக்கின் பின் ஃபுட்ரெஸ்ட்டில் இன்னொரு பைக்காரர் காலை வைத்துத் தள்ளிக்கொண்டே போவது நம் ஊரில் தினசரி நடப்பது, ஆட்டோக்காரர்களும் அப்படித்தான். உதவி செய்கிற அந்த மனசு பெரியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பள்ளம் வந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். பெட்ரோல் தீர்ந்து பங்க் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால், இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல். தூரம் என்றால் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியைக் கூப்பிட்டு ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போது சைடு ஸ்டாண்டை நம்பாதீர்கள். முன்சக்கரத்தைக் கேபின் பக்கச் சுவரில் முட்ட வைத்து, ஹேண்டிலின் இரு பக்கமும் கீழ்நோக்கி இழுத்து, முன் ஷாக் பாதி அமுங்குகிற அளவுக்குக் கட்ட வேண்டும். பைக்குக்குக் கயிறு கட்டி இழுப்பது மட்டும் எந்தத் தூரத்துக்கும் வேண்டாம்.

வெள்ளத்தில் மாட்டிய கார் இன்னொரு வகை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் முதலில் வருகிற ஆசை, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்பது. செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நனைந்த பிரேக்கும் பிடிக்காது. டிராக்டர் வைத்துத் தெருவிலிருந்து மேட்டுக்கு இழுத்து ஏற்றுவது வரை கயிறு சரி, அங்கிருந்து பிளாட்பெட்தான்.

பிளாட்பெட் வந்த பிறகும் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். வண்டியை மேலே இழுக்கும் வின்ச் கொக்கியை டோ ஹூக்கில் மாட்டச் சொல்லுங்கள், அவசரத்தில் லோயர் ஆர்மில் மாட்டுவார்கள். ஏற்றிய பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களைப் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். கிலோமீட்டருக்கு எவ்வளவு, திரும்பிப் போகும் தூரத்துக்கும் காசா, டோல் யார் கட்டுவது என்பதையெல்லாம் வண்டி கீழே இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். மேலே ஏறிவிட்டால் பேரம் பேச நமக்குப் பலம் இல்லை.

இன்ஷூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டென்ஸ் சேர்த்திருந்தால் முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதையும் கேளுங்கள். அது இல்லாத வழக்கமான கார் பாலிசியில், விபத்துக்குப் பிறகு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவுக்கு 1,500 ரூபாய் வரைதான் வாசகத்தில் இருக்கும், டூவீலருக்கு 300. வெறும் பிரேக் டவுனுக்கு அதுவும் கிடையாது. லாரி, வேன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாலிசியில் தேடிப் பாருங்கள். நின்றுபோன ஒரு வண்டியை இழுக்கும்போதும் பாலிசி செல்லும், ஆனால் அதற்குக் காசு வாங்கியிருக்கக் கூடாது, இழுக்கப்படும் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். ரெக்கவரிக்காரரிடம் பில் வாங்கும்போது வண்டி எண், ஏற்றிய இடம், இறக்கிய இடம், தேதி நான்கும் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். க்ளெய்ம் போடும்போது கேட்பார்கள்.